எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கால் ஊன்ற முடியவில்லை: உள்ளே முள் இருக்குமா?

வாசகர் கேள்வி, ஏற்காடு – 09.11.2023

என் மாமனாருக்கு வயது 61. நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. புரட்டாசி மழைக்கு முன்பு வேலியோரம் புதர் வெட்டியபோது அவருடைய வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டை ஒட்டி ஏதோ குத்திவிட்டது. வெளியே தெரிந்த முனையை அங்கேயே பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். மேல்தோல் ஆறிவிட்டது. ஊன்றினால் மட்டும் சுருக்கென்கிறது. சேலத்துக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றும் இல்லை, கால் ஆணியாக இருக்கலாம் என்றார்கள். மாத்திரை சாப்பிடும் வரை வீக்கம் வற்றுகிறது, நிறுத்தினால் மறுபடியும் வருகிறது. எக்ஸ்ரேயில் தெரியாத பொருள் ஒன்று காலுக்குள் இருக்க முடியுமா, அல்லது நாங்கள் வீணாக அலைகிறோமா?

09.11.2023, இரவு

இருக்க முடியும். எக்ஸ்ரே என்பது நிழல் பிடிக்கும் வேலை. கதிரைத் தடுக்கும் பொருளுக்குத்தான் நிழல் விழும். இரும்பு, வெள்ளி, கல், கண்ணாடி ஆகியவை கதிரைத் தடுக்கும். முள், மரச்சிலாம்பு, மூங்கில், பிளாஸ்டிக், ரப்பர் ஆகியவற்றின் அடர்த்தி ஏறத்தாழச் சதையின் அடர்த்தியாகவே இருப்பதால், கதிர் சதையைக் கடப்பதுபோலவே அவற்றையும் கடந்துவிடும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் படம், மாமனார் காலில் இரும்பும் கல்லும் கண்ணாடியும் இல்லை என்பதைத்தான் சொல்கிறது. முள் இல்லை என்று அது சொல்லவே இல்லை.

நான் சேலத்தில் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரிப்போர்ட் எழுதும் தகுதி எனக்குக் கிடையாது, படம் எடுக்கத் தெரியும், படத்தில் எது விழும் எது விழாது என்பது தெரியும். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சில விவரங்கள் தேவை. வெட்டிய புதர் எது? ஈச்சஞ்செடியா, சூரையா, உண்ணிச்செடியா, மூங்கிலா? பிடுங்கி எறிந்த துண்டின் முனை கூராக இருந்ததா, முறிந்து மொட்டையாக இருந்ததா? வெறுங்காலா, செருப்பா? செருப்பு என்றால் அது இன்னும் வீட்டில் இருக்கிறதா? கடைசியாக டி.டி. (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டார்?

10.11.2023, காலை

பதில் வரும் வரை வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. மாமனாரைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்யுங்கள். அவர் பார்க்காதபடி, மூடிய பேனாவின் பின்முனை போன்ற மழுங்கிய ஒன்றால் வலிக்காத இடத்தில் தொடங்கி, மெதுவாக அழுத்திக்கொண்டே உள்நோக்கி வாருங்கள். காலை இழுத்துக்கொள்ளும் இடத்தில் மையால் புள்ளி வையுங்கள். கொஞ்சம் பொறுத்து, வேறு பக்கத்திலிருந்து தொடங்கி மறுபடியும் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் புள்ளிகள் ஒரே இடத்தில், கடுகளவு இடைவெளிக்குள் வந்து விழுந்தால், உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கிறது. பாதத்தின் வாதமோ நரம்பு வலியோ இவ்வளவு கறாராக ஒரே புள்ளியில் நிற்பது அரிது. அது பெரும்பாலும் கொஞ்சம் பரவி இருக்கும்.

கால் ஆணியைப் பற்றி. ஆணி நேராக அழுத்தினால் வலிக்கும். உள்ளங்கால் மரு, இரண்டு பக்கமும் விரலால் கிள்ளினால்தான் கூடுதலாக வலிக்கும். ஆணியின் மேல் தோலின் ரேகைகள் தொடர்ந்து ஓடும், மருவின் மேல் அவை அறுந்து நின்றுவிடும். மருவுக்குள் தெரியும் கரும்புள்ளிகளை முள்முனை என்று நினைத்துத் தோண்டுகிறவர்கள் நிறையப் பேர். அவை உறைந்துபோன நுண்ணிய இரத்தக்குழாய்கள். ஆணியும் மருவும் மாதக்கணக்கில் மெல்ல வளர்பவை. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு புதரில் தொடங்கிய வலிக்கு ஆணி என்று பெயர் வைப்பதற்கு முன் யாராவது அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

10.11.2023, மதியம்

எழுத விட்டுப்போனது: பிளேடும் ஊக்கும் எடுத்துத் தோண்ட வேண்டாம். தோலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியும் முள்ளை முள்வாங்கியால் எடுப்பது வேறு. கண்ணுக்குத் தெரியாததைத் தேடித் தோண்டினால் அது இன்னும் உள்ளே போகும், துண்டாகும், சீழும் பிடிக்கும்.

13.11.2023

தீபாவளிக்கு மறுநாள் என்பதால் இது. எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பைத் தெருவில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் பிள்ளைகள் அதன்மேல் ஓடுவது எங்கள் அறைக்கு ஆண்டுதோறும் வரும் வரும்படி. அந்தக் கம்பி இரும்பு. படத்தில் பளிச்சென்று தெரியும். கம்பி முழுதாக வந்துவிட்டதா என்று பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு எக்ஸ்ரே போதும், அதில் பிழை வர வாய்ப்புக் குறைவு.

ஈயம் கலந்த கண்ணாடிதான் எக்ஸ்ரேயில் தெரியும், சாதாரண பாட்டில் துண்டு தெரியாது என்று வாழப்பாடி நண்பர் கீழே எழுதியிருக்கிறார். பல மருத்துவர்களே இதை நம்புகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே மறுக்கிறேன். சோடா பாட்டிலோ, ஜன்னல் கண்ணாடியோ, டியூப்லைட்டோ எதுவாக இருந்தாலும், 2 மில்லிமீட்டர் அளவுக்கு மேற்பட்ட துண்டு பெரும்பாலும் படத்தில் விழுந்துவிடும். விழாமல் போவதற்குக் காரணம் கண்ணாடியின் வகையாக இருப்பதில்லை. எலும்பின் நிழலுக்குப் பின்னால் துண்டு மறைந்துகொள்வதும், ஒரே கோணத்தில் மட்டும் படம் எடுப்பதும்தான் காரணங்கள். பாதத்துக்குக் குறைந்தது இரண்டு படங்கள் வேண்டும், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. குத்திய இடத்தில் ஒரு பேப்பர் கிளிப்பைப் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டு எடுத்தால், துண்டு கிளிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை இரண்டு படங்களையும் சேர்த்துக் கணக்கிடலாம். எலும்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கதிரைக் கூட்டி எடுத்த படத்தில் சதை கருத்துப் போயிருக்கும். அதில் சின்னத் துண்டுகள் காணாமல் போகும். இப்போதைய டிஜிட்டல் படங்களில் திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துத் தேடலாம், பிலிம் காலத்தில் பிரகாசமான பல்பு ஒன்றைத் தனியாக வைத்திருந்தோம். உலோகத்தில் அலுமினியம் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும், மெல்லிய துண்டு என்றால் தப்பிவிடும்.

15.11.2023

ஏற்காட்டு நண்பரின் பதில் வந்துவிட்டது. ஈச்சஞ்செடிதான். பிடுங்கிய துண்டின் முனை எப்படி இருந்தது என்று மாமனாருக்கு நினைவில்லை. கால் சோதனையில் மூன்று புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன.

ஈச்சம் முள் என்றதும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சேர்வராயன் மலையில் துடைப்பத்துக்கு அறுக்கும் குட்டை ஈச்சையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓலைக்காம்பின் அடியில் இருக்கும் இலைகளே சுருண்டு இறுகி முள்ளாகிவிடுகின்றன. ஊசி போன்ற முனை, வழவழப்பான உடம்பு, குத்தியதும் முனை முறியும் குணம். என் இடது காலின் பெருவிரல் மூட்டுக்குள் அப்படி ஒரு முனை தங்கியது. குத்திய அன்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில வாரங்கள் கழித்து மூட்டு சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலும் வலி. இரத்தத்தில் யூரிக் அமிலம் சற்றுக் கூடுதலாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் வாதம்) என்று முடிவு கட்டி, கறியையும் பருப்பையும் நிறுத்தச் சொன்னார்கள். முள் குத்தியதைச் சொன்னேன். "அது எப்போதோ ஆறிப்போயிருக்கும்" என்றார் மருத்துவர். என் பெருவிரலின் எக்ஸ்ரேயை என் சக ஊழியரே எடுத்தார், படம் சுத்தம். அது சுத்தமாகத்தான் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. மருத்துவருக்கு மட்டும் அது சான்றாகப் பட்டது.

முள் மூட்டுக்குள் போய்விட்டால், மூட்டை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு அந்த அந்நியப் பொருளோடு ஓயாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்தால் பெரும்பாலும் கிருமி வளராது. வீக்க மாத்திரைக்கு அடங்கும், நிறுத்தினால் கிளம்பும். ஒரே ஒரு மூட்டு, அதுவும் காரணம் பிடிபடாமல், மருந்துக்கு அடங்கி அடங்கித் திரும்பத் திரும்ப வீங்கினால் முள்ளை நினைக்க வேண்டும் என்று எலும்பு மருத்துவப் பாடநூல்களிலேயே இருக்கிறது. பேரீச்சை, ஈச்சை இனத்து முட்கள் அதில் பேர் போனவை. முள்ளையும் சுற்றியிருந்த தடித்த சவ்வையும் எடுத்த பிறகு என் விரல் அடங்கியது. பருப்பை மறுபடியும் சாப்பிடுகிறேன்.

உங்கள் மாமனாருக்கு மேட்டை ஒட்டிக் குத்தியிருக்கிறது என்பதால் மூட்டுச் சவ்வோ, விரலை மடக்கும் தசைநாணின் உறையோ பாதிக்கப்பட்டிருக்கலாம். பெருவிரலை நீங்கள் பிடித்து மேலே மடக்கும்போது வலி கூடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

16.11.2023

இல்லை, முள் சதைக்குள் கரையாது. "உடம்பே தின்றுவிடும்" என்று மேலே ஒருவர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். தாவரப் பொருளை உடம்பால் செரிக்க முடியாது. சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்து வைக்கும், அல்லது சீழ் வைத்து வெளியே தள்ளப் பார்க்கும். ஆண்டுக்கணக்கில் கிடந்த முள்ளும் உண்டு.

18.11.2023

எருக்கம்பால் பற்றி இவ்வளவு பேர் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எருக்கம்பால் வைத்தால் முள் வெளியே வரும் என்று அயோத்தியாப்பட்டணத்து அம்மா சொல்வதை நான் மறுக்கவில்லை. என் அம்மாவும் முள் குத்திய இடத்தில் எருக்கம்பால் வைத்திருக்கிறார், சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார். மேல்தோலில் மாட்டிய நெருஞ்சியோ கருவேல முள்ளோ அதில் வெளியே வந்ததும் உண்மை. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். புண்ணான இடம் பழுத்து உடையும்போது மேலே இருக்கும் முள் சீழோடு வழுக்கிக்கொண்டு வரும். உள்ளங்காலின் தடித்த தோலுக்கும் அதன் அடியில் இருக்கும் நார்ப்படலத்துக்கும் கீழே போய்விட்ட முள்ளிடம் அந்தப் பால் எட்டாது. மிஞ்சுவது தோல் புண் மட்டும்தான், அதன் பிறகு எங்கே குத்தியது என்று மருத்துவருக்கும் அடையாளம் தெரியாது. பால் பட்ட கையைக் கண்ணில் வைத்துவிட்டால் கருவிழி கலங்கிப் பார்வையே மங்கும், அதற்காகக் கண் மருத்துவரிடம் ஓடியவர்கள் உண்டு.

வெந்நீரில் நெடுநேரம் காலை ஊற வைப்பதும் மரத்துண்டுக்கு ஆகாது. ஊறி உப்பினால் எடுக்கும்போது நார்நாராகப் பிய்ந்து வரும்.

20.11.2023

சிவதாபுரத்திலிருந்து எழுதியிருக்கும் தங்கையின் குறிப்பு இந்த இழையை வேறு பக்கம் திருப்புகிறது, திருப்பட்டும். அவர்கள் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள். சில நாட்களாகப் படுக்கை விரிப்பில், கால் வைக்கும் இடத்தில், மஞ்சளாக ஒரு கறை. காலில் வலி இல்லை. "வலியே இல்லாதபோது உள்ளே எதுவும் இருக்காது அல்லவா?" என்று கேட்கிறார்.

நான் இதுவரை எழுதிய அழுத்தும் சோதனை இவருக்குப் பயன்படாது என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய இடம் இது. அந்தச் சோதனை முழுவதும் வலியை நம்பி நிற்கிறது. சர்க்கரை நோயில் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு வலி என்ற காவலே இருக்காது. அவர்களுக்குத் தேட வேண்டியவை வேறு: ஒரு பாதம் மட்டும் சூடாக இருப்பது, ஒரு பக்கம் மட்டும் செருப்பு இறுக்கமாவது, காலுறையிலோ விரிப்பிலோ கறை, தொடையிடுக்கில் நெறி கட்டுவது, காரணமில்லாமல் சர்க்கரை அளவு ஏறுவது. அரசு மருத்துவமனைகளில் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் ஊன்றிச் சோதிப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். அது வளைந்தும் உணராத பாதம் காவல் இழந்த பாதம்.

கொலுசுப் பட்டறையின் தரையில் என்னென்ன கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: வெள்ளிக் கம்பியின் வெட்டுத் துண்டு, அரும்பு என்னும் பொடி வெள்ளி உருண்டை, பற்றவைப்பின் சிதறல். இவை எல்லாம் படத்தில் விழும். ஆகவே உங்கள் அம்மாவுக்கு எக்ஸ்ரேதான் முதல் சோதனை, அதுவும் இன்றைக்கே. உள்ளே கம்பி இருக்கிறதா என்பதற்கு மட்டும் அல்ல, எலும்பு அரித்திருக்கிறதா என்பதற்கும். எலும்பில் சீழ் பிடித்தால் அது படத்தில் தெரிய பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால், முதல் படம் நன்றாக இருந்தாலும் மருத்துவர் மறுபடியும் எடுக்கச் சொன்னால் சலித்துக்கொள்ள வேண்டாம்.

20.11.2023, இரவு

படம் எடுத்துவிட்டார்கள். குதிகாலுக்கு முன்னால், அரை விரற்கடை நீளத்துக்குக் கம்பி. அம்மாவுக்கு எப்போது குத்தியது என்றே தெரியவில்லையாம்.

21.11.2023

சிரிப்பதற்கு ஒன்று. கொலுசு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வேறு காரணத்துக்காகப் பாதத்தைப் படம் எடுத்துவிட்டு, ஈரம் காயாத பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பெருவிரலின் அடியில் பட்டாணி அளவில் இரண்டு உருண்டைகள். "என் அரும்பு இரண்டு உள்ளே இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள், எடை போட்டு ஒப்படைக்க வேண்டும்" என்று கேட்டார். அவை எல்லாருடைய பாதத்திலும் பெருவிரலின் தசைநாணுக்குள் பதிந்திருக்கும் இரண்டு சிறு எலும்புகள். அவருடைய இன்னொரு காலையும் படம் எடுத்துக் காட்டிய பிறகும் அவருக்கு முழுச் சமாதானம் இல்லை, அங்கேயும் இரண்டு போயிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டார்.

சந்தேகம் வந்தால் மறுகாலையும் எடுத்து ஒப்பிடுவது நல்ல வழக்கம் என்பதற்காகவும் இதைச் சொன்னேன்.

24.11.2023

பெருவிரலை மடக்கினால் வலி கூடுகிறது என்று ஏற்காட்டு நண்பர் எழுதியிருக்கிறார். அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். முள்ளுக்கும் மரத்துக்கும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். ஸ்கேன் என்றதும் வயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும் மட்டும் என்று நம்மூரில் ஒரு நினைப்பு. பாதத்துக்கு ஸ்கேன் கேட்டால் வரவேற்பில் இருப்பவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். பொருட்படுத்த வேண்டாம்.

கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "பாதத்தின் மென்திசுவில் முள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், லீனியர் ப்ரோப் இருக்கிறதா?" ப்ரோப் என்பது ஸ்கேன் எடுக்கும்போது தோலில் வைத்து நகர்த்தும் கைக்கருவி. வயிற்றுக்குப் பயன்படுத்தும் வளைந்த ப்ரோப், ஆழத்தைப் பார்ப்பதற்கானது, தோலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டரில் கிடக்கும் முள்ளை அது தவறவிடும். தட்டையான முகம் கொண்ட, 7.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ப்ரோப் வேண்டும். மையால் வைத்த புள்ளியை அழிக்காமல் போங்கள். குத்திய தேதி, செடியின் பெயர், வலிக்கும் புள்ளி ஆகிய மூன்றையும் ஸ்கேன் மருத்துவரிடம் வாயால் சொல்லுங்கள், சீட்டில் "கால் வலி" என்று மட்டும்தான் எழுதியிருக்கும்.

முள் திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும், அதற்குக் கீழே கருநிழல் விழும். பல நாட்கள் ஆகியிருந்தால் கோட்டைச் சுற்றி வீக்கநீர் கரும் வளையமாகத் தெரியும்; உண்மையில் அந்த வளையம்தான் கண்ணை முதலில் இழுக்கும். பாதத்தை நீர் நிறைந்த பேசினுக்குள் வைத்து, ப்ரோப்பைத் தோலில் படாமல் நீருக்குள் மட்டும் பிடித்துப் பார்க்கும் முறையும் உண்டு. வலியால் தொடவே விடாதவர்களுக்கு அது வசதி. ஏமாற்றும் பொருள்களும் இருக்கின்றன: தழும்பு, சுண்ணம் படிந்த திசு, தோண்டிய புண்ணுக்குள் புகுந்த காற்று. தோண்ட வேண்டாம் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

தனியாரிடம் போக வசதி இல்லாதவர்கள், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுப் போட்டு எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள்.

25.11.2023

ஸ்கேனில் தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குச் சுருக்கமாக. சி.டி. ஸ்கேன், பிறகு எம்.ஆர்.ஐ. சி.டி.யில் காய்ந்த மரத்துண்டு காற்றுக்குமிழி போலக் கருப்பாகத் தெரியும், நாள்பட நீரை உறிஞ்சிய பிறகு சதையோடு கலந்துவிடும். வெல்டிங், கடைசல் வேலை செய்பவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு முன்பு அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; உடம்பில் இரும்புத்துண்டு இருந்தால் காந்தப்புலம் அதை நகர்த்தும்.

27.11.2023

செருப்பைப் பற்றி நான் கேட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஓமலூர் நண்பர் ஒருவருக்கு ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஏறியிருக்கிறது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

அந்தச் செருப்பைத் தூக்கி எறிய வேண்டாம். திருப்பி, ஆணி போன துளையை வெளிச்சத்தில் பாருங்கள். ஆணி ரப்பரைப் பிளந்துகொண்டு போயிருந்தால் துளை மூடிக்கொண்டு கோடாகத் தெரியும். ரப்பரிலிருந்து ஒரு சிறு துண்டு பெயர்ந்து போய் வட்டமான பள்ளம் இருந்தால், அந்தத் துண்டு எங்கே? ஆணியைப் பிடுங்கும்போது ஆணி வந்துவிடும், அது உள்ளே தள்ளிய ரப்பர் வராது. எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. காலுறை போட்டிருந்தால் துணிக்கும் இதே கதை. ரப்பர் அடிப்பாகத்தைத் துளைத்த காயத்தில் சூடோமோனாஸ் என்ற கிருமி எலும்பு வரைக்கும் போவது மருத்துவ உலகில் நெடுநாளாகத் தெரிந்தது. வழக்கமாக எழுதித் தரும் பல மாத்திரைகள் அதற்குக் கேட்காது. ஆகவே குத்தியது ஆணி என்று மட்டும் சொல்லாமல், செருப்பைத் துளைத்து வந்த ஆணி என்று சொல்லுங்கள்.

28.11.2023

காந்தத்தை வைத்து இழுக்கலாமா என்ற கேள்வி விளையாட்டுக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதைவிடப் பெரிய கருவியோடு தேடியிருக்கிறார். 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, குண்டைத் தேட பெல் ஓர் உலோகங்காட்டியைச் செய்துகொண்டு போனார். மெத்தைக்கு அடியில் இருந்த இரும்புச் சுருள்களுக்கும் கருவி ஒலி எழுப்பியது. மருத்துவர்கள் குண்டு இருப்பதாக நம்பிய வலப்பக்கத்தில் மட்டுமே தேட விட்டார்கள், குண்டு இடப்பக்கம் இருந்தது. கழுவாத விரல்களால் காயத்தை அவர்கள் குடைந்ததுதான் செப்டம்பரில் அவர் இறந்ததற்குப் பெரிய காரணம் என்பது பின்னால் வந்த மருத்துவர்களின் கருத்து. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குடைவதைப் பற்றி 10ஆம் தேதிக் குறிப்பில் நான் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படிக்கலாம்.

02.12.2023

தம்மம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரின் மகன் படம் அனுப்பியிருக்கிறார். அப்பாவின் பாதம் சில ஆண்டுகளாக வீங்கி, அங்கங்கே சிறு துளைகள் விழுந்து நீர் கசிகிறது, வலி இல்லை, சர்க்கரையும் இல்லை. முள்ளாக இருக்குமோ என்கிறார்.

முள்ளில் தொடங்கியிருக்கலாம், இப்போது இது வெறும் முள் அல்ல என்று என் கண்ணுக்குப் படுகிறது. துளைகளில் கசியும் நீரில் ரவை போன்ற மணிகள் வருகின்றனவா என்று பாருங்கள்; கருப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என எந்த நிறத்திலும் இருக்கலாம். மணிகள் வந்தால் அது மைசிட்டோமா என்ற நோயாக இருக்கலாம். மண்ணில் வாழும் பூஞ்சையோ பாக்டீரியாவோ வெறுங்காலில் பட்ட சிறு காயத்தின் வழியே உள்ளே போய் மெல்ல மெல்ல எலும்பு வரை அரிப்பது. 1842இல் மதுரையில் கில் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். உலக மருத்துவ நூல்களில் இன்றும் மதுரையின் பெயரால் வழங்குகிறது. பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு மருந்து என்பதால் திசுவை எடுத்துப் பரிசோதிக்காமல் மருந்து தொடங்குவது வீண். தோல் மருத்துவரிடமோ அறுவை மருத்துவரிடமோ, மணிகளைச் சுத்தமான ஈரத்துணியில் பிடித்துக்கொண்டு, தாமதிக்காமல் போங்கள்.

06.12.2023

ஏற்காட்டு நண்பரின் ஸ்கேன் வந்துவிட்டது. 11 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு வெள்ளைக் கோடு, விரலை மடக்கும் தசைநாணின் உறையை ஒட்டி, சுற்றிலும் கரும் வளையம். மருத்துவர் ரிப்போர்ட்டில் அந்நியப் பொருள் என்றே எழுதிவிட்டார். நாட்பட்ட கால் ஆணிக்கு நல்வாழ்த்துகள்.

எடுப்பதற்கு முன் சில சொற்கள். கண்ணாடியோ இரும்போ ஆழத்தில் சும்மா கிடந்து தொந்தரவு தராவிட்டால், தேடி எடுப்பதால் வரும் சேதம் அதிகம் என்று அறுவை மருத்துவர் விட்டுவிடச் சொல்லலாம். அது நியாயமான முடிவு. முள்ளுக்கும் மரத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. அறுவைக்கு முன்பு ஸ்கேன் பார்த்தபடியே தோலில் இடத்தையும் ஆழத்தையும் குறித்துவிடச் சொல்லுங்கள். பாதத்தை மடக்கும்போதும் நீட்டும்போதும் தோலுக்குக் கீழே எல்லாம் நகரும் என்பதால், அறுவை மேசையில் கால் எப்படி இருக்குமோ அப்படியே வைத்துக் குறிக்க வேண்டும். தொடையிலோ கணுக்காலுக்கு மேலோ பட்டை கட்டி இரத்தத்தை நிறுத்திக்கொண்டுதான் எடுப்பார்கள், இரத்தம் ஊறும் குழியில் பழுப்பு முள்ளைக் கண்ணால் காண முடியாது.

11.12.2023

எடுத்துவிட்டார்கள். இரண்டு துண்டுகள். இரண்டையும் சேர்த்து வைத்தால் 11 மில்லிமீட்டர் வருகிறதா என்று அளந்து பார்க்கும்படி நண்பரிடம் சொல்லியிருந்தேன், அவர் அறுவை அறை வாசலிலேயே ஸ்கேலோடு நின்றிருக்கிறார். வருகிறது. சுற்றியிருந்த திசுவைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட் வரும் வரை இப்போதைய மாத்திரையை நிறுத்த வேண்டாம், வந்த பிறகு மருத்துவர் மாற்றினால் மாற்றிக்கொள்ளுங்கள்.

டி.டி. ஊசி பற்றி மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். மண்பட்ட காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் ஒன்று போட வேண்டும். மாமனாருக்குக் கடைசியாக எப்போது போட்டது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்பதால், சிறுவயதுத் தடுப்பூசிகள் போட்டாரா என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்; எத்தனை தவணை என்பதை அவர் தீர்மானிப்பார். தையல் பிரிக்கும் வரை காப்பிப் பழம் பறிக்கப் போகக் கூடாது. போவார் என்று தெரியும், குறைந்தது முழு ஷூவாவது போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.